ஐ.சி. தரும் எண்ணை எப்போது நம்பலாம்?

நீரில் கரைந்த அயனிகளைப் பிரித்து அளக்கும் அயனி குரோமடோகிராஃபி (ஐ.சி.) கருவியில் எதைச் செலுத்தினாலும் அது ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். மழைநீருக்கும் கொடுக்கும், சரியாகக் கழுவாத பாட்டிலில் ஊற்றி வைத்த தூய நீருக்கும் கொடுக்கும். அந்த எண் ஆற்றிலிருந்து வந்ததா, பாட்டிலிலிருந்து வந்ததா, மாதிரி எடுத்தவரின் விரலிலிருந்து வந்ததா என்று அது சொல்லாது. அதைக் கண்டுபிடிப்பது நம் வேலை. கிணற்று நீர், ஏரி நீர், மழைநீர், மண் சாறு, காற்றுத்தூசி படிந்த வடிதாள் என்று பலவற்றை இந்தக் கருவியில் ஓட்டிப் பழகிய எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. முடிவு அட்டவணையைக் கடைசியில்தான் பார்க்க வேண்டும். முதலில் பிளாங்க் (மாதிரிக்குப் பதிலாகத் தூய நீரை ஓட்டும் சோதனை), அப்புறம் குரோமடோகிராம் (கருவி வரைந்து தரும் படம்), அப்புறம் அயனிச் சமநிலை (நேர்மின், எதிர்மின் அயனிகளின் கூட்டுக் கணக்கு). இந்த மூன்றும் ஒத்துப்போன பிறகுதான் எண்ணுக்கு மதிப்பு.

கருவி எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எலுவென்ட் எனப்படும் கரைசல் ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் 10 முதல் 25 மைக்ரோலிட்டர் மாதிரி செலுத்தப்படுகிறது. பிரிப்புக் குழாய்க்குள் இருக்கும் அயனிப் பரிமாற்றப் பிசின் ஒவ்வோர் அயனியையும் ஒவ்வொரு அளவுக்குப் பிடித்து விடுகிறது. அதனால் அவை வெவ்வேறு நேரத்தில் வெளியே வருகின்றன. வரும்போது கரைசல் மின்சாரம் கடத்தும் திறனை, அதாவது கடத்துதிறனை, டிடெக்டர் என்ற உணரியால் அளக்கிறோம். ஒவ்வோர் அயனியும் படத்தில் ஒரு மேடாக, அதாவது பீக்காகத் தெரியும். 1 லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரைடு உள்ள நீரில் 25 மைக்ரோலிட்டர் என்றால், குழாய்க்குள் போவது வெறும் 25 நானோகிராம். இந்த அளவை மனதில் வைத்துக்கொண்டால், சுத்தம் பற்றி நான் பின்னால் சொல்லப்போவது மிகையாகத் தெரியாது.

கஷ்டம் என்னவென்றால், எலுவென்ட்டும் உப்புக் கரைசல்தான். அதுவே நன்றாக மின்சாரம் கடத்தும். அந்தப் பின்னணியில் நானோகிராம் அளவு குளோரைடு எங்கே தெரியப்போகிறது? இதற்கு 1975-இல் வழி காட்டியவர்கள் டவ் கெமிக்கல் நிறுவனத்தில் பணியாற்றிய ஹாமிஷ் ஸ்மால், திமோதி ஸ்டீவன்ஸ், வில்லியம் பாமன் மூவரும். பிரிப்புக் குழாய்க்கும் டிடெக்டருக்கும் நடுவில் இன்னோர் அயனிப் பரிமாற்றப் படியை வைத்தார்கள். அதுதான் சப்ரஸர். எதிர்மின் அயனிகளை அளக்கும்போது அது சோடியத்தை எடுத்துவிட்டு ஹைட்ரஜன் அயனியைத் தருகிறது. கார்பனேட்டு எலுவென்ட் கார்பானிக் அமிலமாகிறது, ஹைட்ராக்சைடு எலுவென்ட் தண்ணீராகவே ஆகிவிடுகிறது. இரண்டுமே குறைவாகத்தான் கடத்தும். அதே நேரம் சோடியம் குளோரைடாக இருந்தது ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது. சோடியத்தின் மோலார் கடத்துதிறன் சுமார் 50, ஹைட்ரஜன் அயனிக்குச் சுமார் 350. பின்னணி அடங்குகிறது, பீக் உயர்கிறது. ஒரே படியில் இரண்டு நன்மை. வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த யோசனைகளில் இது ஒன்று.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை மாதிரி ஓட்டுவதல்ல, ஃபில்டரை ஓட்டுவது. உறையிலிருந்து புதிய சிரிஞ்ச் ஃபில்டர் ஒன்றை எடுத்து, அதன் வழியாக அதிதூய நீரை மெதுவாக அழுத்தி, முதல் மில்லிலிட்டரை ஒரு குப்பியிலும், இரண்டாவதை அடுத்த குப்பியிலும், இப்படியே ஒவ்வொரு மில்லிலிட்டராகத் தனித்தனியே பிடிக்கச் சொல்வேன். பிறகு வரிசையாக ஓட்டினால் முதல் குப்பியில் குளோரைடு பீக் பளிச்சென்று நிற்கும். சில வகை ஃபில்டர்களில் நைட்ரேட்டும் சல்ஃபேட்டும் கூடவே வரும். இரண்டாவதில் பாதிக்கும் கீழே இறங்கும். நாலு, ஐந்து என்று போகப்போகப் பேஸ்லைனோடு, அதாவது அயனி எதுவும் வராதபோது ஓடும் அடிக்கோட்டோடு, சேர்ந்துவிடும். இதைத் தன் கண்ணால் திரையில் பார்த்த யாரும், வடிகட்டியதில் முதல் சில மில்லிலிட்டரைக் கொட்டாமல் குப்பியை நிரப்ப மாட்டார்கள். செல்லுலோஸ் நைட்ரேட்டு ஃபில்டரை நைட்ரேட்டு அளக்கப் பயன்படுத்தவே கூடாது. பெயரிலேயே எச்சரிக்கை இருந்தும் அலமாரியில் கைக்கு எட்டியதை எடுக்கும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. நீர் மாதிரிக்கு 0.45 மைக்ரான் போதும். நுண்ணுயிரிகளையும் விலக்க வேண்டுமென்றால் 0.2 மைக்ரான்.

பாட்டில்களைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. உலோகப் பகுப்பாய்வு செய்பவர்கள் பாட்டிலை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவுவார்கள். அவர்களுக்கு அது சரி. அதே பாட்டில் நம்மிடம் வந்தால் நைட்ரேட்டு முடிவு பாழ். ஒருமுறை ஒரே தொகுப்பில் வந்த கிணற்று நீர் எல்லாவற்றிலும் நைட்ரேட்டு ஏறியிருந்தது. ஆழக் கிணறு, மேலோட்டக் கிணறு, வயலோரம், காட்டோரம் என்ற வேறுபாடே இல்லாமல் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு கூடுதல். இயற்கை அப்படி ஒழுங்காக நடந்துகொள்ளாது. களத்துக்குக் கொண்டுபோய் அதிதூய நீரை நிரப்பித் திரும்பக் கொண்டுவந்த பிளாங்க் பாட்டிலை ஓட்டியதும் அதிலும் அதே பீக். பாட்டில்கள் அமிலத்தில் கழுவப்பட்டவை என்று அப்புறம் தெரிந்தது. அந்தக் களப் பிளாங்க் இல்லாவிட்டால் ஒரு பகுதி முழுவதும் உரம் நிலத்தடிக்கு இறங்கிவிட்டது என்று அறிக்கை போயிருக்கும்.

ஐ.சி.க்கு அமிலம் படாத பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் பாட்டில் நல்லது. அதிதூய நீரில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவி, கடைசிக் கழுவலின் கடத்துதிறனைப் பார்த்துவிட்டு மூடினால் போதும். கண்ணாடி வேண்டாம். அதிலிருந்து சோடியம் கசியும், ஃபுளோரைடும் கண்ணாடியோடு ஒத்துப்போகாது. வியர்வையில் சோடியம், பொட்டாசியம், அம்மோனியம், குளோரைடு, லாக்டேட்டு எல்லாம் இருக்கின்றன. அதனால் மூடியின் உட்புறத்தை வெறும் விரலால் தொடக் கூடாது. கையுறை பவுடர் இல்லாததாக இருக்கட்டும், அதையும் அதிதூய நீரில் அலசிவிட்டுத் தொடங்குங்கள். பக்கத்து மேசையில் யாராவது அம்மோனியா பாட்டிலைத் திறந்து வைத்திருந்தால், மூடாமல் கிடக்கும் உங்கள் மழைநீர் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். எலுவென்ட்டும் ஸ்டாண்டர்டும் (செறிவு தெரிந்த ஒப்பீட்டுக் கரைசல்) தயாரிக்கும் நீர் 18.2 மெகாஓம் சென்டிமீட்டர் தூய்மையில் இருக்க வேண்டும். அதையும் அன்றன்று பிடியுங்கள். கேனில் நாள்கணக்கில் நின்ற நீர் அந்தத் தகுதியை இழந்திருக்கும்.

மாதிரி ஆய்வகம் வந்து சேர்வதற்குள் மாறிவிடுகிறது என்பது அடுத்த சிக்கல். நீரில் உயிர் இருக்கிறது. நுண்ணுயிரிகள் அம்மோனியத்தை நைட்ரைட்டாக்கும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும், பாஸ்பேட்டைத் தின்னும். மழைநீரில் உள்ள ஃபார்மேட்டையும் அசிட்டேட்டையும் காலி செய்யும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 300.0 எண் முறை நைட்ரைட்டு, நைட்ரேட்டு, பாஸ்பேட்டு மூன்றுக்கும் 4 டிகிரி குளிரில் 48 மணி நேரம்தான் அனுமதிக்கிறது. குளோரைடு, புரோமைடு, ஃபுளோரைடு, சல்ஃபேட்டுக்கு 28 நாள். என் பழக்கம், எடுத்த இடத்திலேயே வடிகட்டுவது. குளிர்வித்தல் நுண்ணுயிரிகளின் வேகத்தைக் குறைக்கும், வடிகட்டல் அவற்றில் பெரும்பகுதியை வெளியேற்றிவிடும்.

இரும்பு கலந்த நிலத்தடி நீரில் இது இன்னும் முக்கியம். காற்றே படாத ஆழத்திலிருந்து வரும் நீர் குழாயில் வரும்போது கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். பாட்டிலில் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்தால் முதலில் லேசான மஞ்சள் மங்கல், அப்புறம் கலங்கல், கடைசியில் அடியில் துருநிறப் படிவு. கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டு ஹைட்ராக்சைடாக வீழ்கிறது. அது தனியாக வீழ்வதில்லை, பாஸ்பேட்டையும் பிடித்துக்கொண்டு போகிறது. அந்த நீரை ஆய்வகத்தில் வடிகட்டி ஓட்டினால் பாஸ்பேட்டு இல்லை என்று வரும். இல்லாமல் இல்லை, அது பாட்டிலின் அடியில் கிடக்கிறது. பம்பிலிருந்து வரும் நீரைக் காற்றுப் படாமல் சிரிஞ்சில் உறிஞ்சி, உடனே ஃபில்டர் வழியாகக் குப்பிக்குள் விட்டு, அன்றே ஓட்டினால்தான் உண்மை தெரியும். கால்சியத்துக்கும் இதைப் போன்ற சிக்கல் உண்டு. பைகார்பனேட்டு மிகுந்த நீர் கார்பன் டை ஆக்சைடை இழந்தால் சுண்ணாம்பு படியும், கால்சியம் குறைந்து தெரியும். நேர்மின் அயனிக்கென்று தனிப் பாட்டிலில் கொஞ்சம் நைட்ரிக் அமிலம் சேர்ப்பது இதைத் தடுக்கும். ஆனால் அளவு மிகக் குறைவாக இருக்க வேண்டும். அமிலம் கூடினால் லித்தியம், சோடியம் பீக்குகளின் வடிவம் கெட்டுவிடும். அந்தப் பாட்டிலின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், யாரும் அதை நைட்ரேட்டுக்கு ஓட்டிவிடாதபடி.

இனி குரோமடோகிராம். கார்பனேட்டு எலுவென்ட் ஓடும் வழக்கமான குழாய்களில் ஃபுளோரைடு, குளோரைடு, நைட்ரைட்டு, புரோமைடு, நைட்ரேட்டு, பாஸ்பேட்டு, சல்ஃபேட்டு என்ற வரிசையில் பீக்குகள் வரும். ஹைட்ராக்சைடு எலுவென்ட்டில் பாஸ்பேட்டு சல்ஃபேட்டுக்குப் பின்னால் போய்விடும், ஏனென்றால் அந்தக் காரத்தன்மையில் அது மூன்று மின்சுமை கொண்டதாகிறது. இந்த ஒரு விஷயம் தெரிந்தால் பாஸ்பேட்டையே கண்காணிப்பாளராக வைத்துக்கொள்ளலாம். மற்ற பீக்குகள் இடத்தில் இருக்க, பாஸ்பேட்டு மட்டும் சல்ஃபேட்டை நோக்கி நகர்ந்தாலோ விலகினாலோ எலுவென்ட்டின் பிஹெச் மாறியிருக்கிறது என்று அர்த்தம். கார்பனேட்டையும் பைகார்பனேட்டையும் எடை போட்டதில் பிசகு இருக்கலாம், அல்லது எலுவென்ட் பாட்டில் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை வாங்கியிருக்கலாம். எல்லாப் பீக்குகளும் சேர்ந்து முன்னால் வந்தால் செறிவு, வெப்பநிலை, ஓட்ட வேகம் மூன்றையும் பாருங்கள். மாதம் தோறும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் வந்துகொண்டே இருந்தால் குழாய் தன் கொள்ளளவை இழந்துகொண்டிருக்கிறது. மண் சாற்றிலும் ஏரி நீரிலும் இருக்கும் ஹியூமிக் பொருள்களும் (மட்கிய கரிமப் பொருள்கள்) இரும்பும் பிசினில் ஒட்டிக்கொள்வதுதான் பெரும்பாலும் காரணம். முன்னால் ஒரு காப்புக் குழாயைப் போட்டு, அதை அவ்வப்போது மாற்றினால் உள்ளே இருக்கும் விலையுயர்ந்த குழாய் பிழைக்கும்.

ஃபுளோரைடு இருக்கும் இடத்தை நான் எப்போதும் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். மாதிரியின் நீர் வெளியேறும்போது எலுவென்ட்டின் பின்னணி சற்றுக் குறைவதால் தொடக்கத்தில் ஒரு பள்ளம் விழும். ஃபுளோரைடு அந்தப் பள்ளத்தை ஒட்டியே ஏறுகிறது. அதோடு ஃபார்மேட்டு, அசிட்டேட்டு போன்ற சிறு கரிம அமிலங்களும் அங்கேதான் வருகின்றன. மென்பொருள் இவற்றைப் பிரித்து அறியாது, அந்த நேரத்தில் வந்த எதற்கும் ஃபுளோரைடு என்று பெயர் சூட்டிவிடும். குடிநீரில் ஃபுளோரைடுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு 1.5 மி.கி./லி. அந்த எல்லையை ஒட்டி வரும் எண்ணை இப்படிப் பெயர் சூட்டலை நம்பிக் கொடுக்கலாமா? பள்ளத்தைக் குறைக்க, 100 மடங்கு செறிவுள்ள எலுவென்ட்டைத் தயாரித்து, 100 மில்லிலிட்டர் மாதிரிக்கு 1 மில்லிலிட்டர் என்று சேர்க்கலாம். ஸ்டாண்டர்டிலும் பிளாங்க்கிலும் அதே விகிதத்தில் சேர்க்க வேண்டும்.

எந்தப் பீக்கின் மேல் சந்தேகம் வந்தாலும் நான் செய்வது ஒன்றுதான். அதே மாதிரியில் கொஞ்சம் ஸ்டாண்டர்டைச் சேர்த்து மறுபடி ஓட்டுவேன். பீக் அதே வடிவில், அதே இடத்தில் உயர்ந்தால் அது நாம் நினைத்த அயனியாக இருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்தில் தோள் போல ஒரு புடைப்பு முளைத்தாலோ, இரண்டாகப் பிளந்தாலோ அங்கே வேறொன்று இருக்கிறது. சேர்த்த அளவில் எத்தனை சதவீதம் திரும்பக் கிடைத்தது என்ற கணக்கும் கூடவே கிடைத்துவிடும்.

அப்புறம், கூர்மையான பீக்குகளுக்கு நடுவே ஒரு பீக் மட்டும் அகலமாக, சோம்பலாக எழுந்தால் அது பெரும்பாலும் இந்த மாதிரியுடையதே அல்ல. முந்தைய மாதிரியில் இருந்த தயோசல்ஃபேட்டு, தயோசயனேட்டு, அயோடைடு போன்று மெதுவாக நகரும் ஏதோ ஒன்று இப்போதுதான் வெளியே வந்து சேர்கிறது. பீக் எவ்வளவு நேரம் குழாய்க்குள் இருந்ததோ அவ்வளவு விரியும் என்பதால் அகலமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இது நைட்ரேட்டின் மேல் போய் உட்கார்ந்தால் நைட்ரேட்டு கூடித் தெரியும். ஆலைக் கழிவுநீர் ஓட்டும் நாளில் ஓட்ட நேரத்தை இரட்டிப்பாக்கி ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உவர்நீர் தனிப் பாடம். கடல்நீரில் குளோரைடு லிட்டருக்குச் சுமார் 19 கிராம். கடலோரக் கிணற்றில் அதில் சிறு பங்கு கலந்தாலே குளோரைடு நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் மில்லிகிராமாக நிற்கும். அதே நீரில் நைட்ரைட்டு 0.1 மில்லிகிராம் இருக்கிறதா என்று கேட்பார்கள். பக்கத்தில் பெரிய கோவில் மணி அடிக்கும்போது கொலுசுச் சத்தத்தைக் கேட்கச் சொல்வது போன்றது இது. நைட்ரைட்டு குளோரைடின் வாலில் மூழ்கிவிடும். அதோடு, அவ்வளவு குளோரைடு உள்ளே போனால் அதுவே எலுவென்ட் போல வேலை செய்து, பின்னால் வரும் அயனிகளை இடம் மாற்றும். நைட்ரேட்டு வழக்கமான நேரத்தை விட்டு நகர்ந்ததால் மென்பொருள் அதைக் கண்டுகொள்ளாமல் ‘இல்லை’ என்று எழுதிய அட்டவணைகளை நான் பார்த்திருக்கிறேன். படத்தில் பீக் தெளிவாக நிற்கும், அட்டவணையில் கோடு இருக்கும்.

இதற்கு எனக்குப் பிடித்த தீர்வு புற ஊதா டிடெக்டர். 210 நானோமீட்டரில் நைட்ரைட்டு, நைட்ரேட்டு, புரோமைடு மூன்றும் ஒளியை உறிஞ்சும், குளோரைடு ஏறக்குறைய உறிஞ்சாது. கடத்துதிறன் டிடெக்டரோடு தொடர்ச்சியாக இதையும் இணைத்துவிட்டால் ஒரே ஓட்டத்தில் இரண்டு படம் கிடைக்கும். ஒன்றில் மலையாக நிற்கும் குளோரைடு மற்றதில் அடங்கிக் கிடக்க, நைட்ரைட்டு தனியாக எழுந்து நிற்கும். அந்த வசதி இல்லாத இடத்தில் வெள்ளி ஏற்றிய சிறு வடிகுழல் வழியாக மாதிரியை விட்டுக் குளோரைடை வெள்ளிக் குளோரைடாகப் படியவைக்கலாம். புரோமைடும் அதோடு போய்விடும் என்பதை மறக்கக் கூடாது. கசியும் வெள்ளி பிரிப்புக் குழாயைக் கெடுக்காமல் இருக்க, அதற்குப் பின்னால் ஹைட்ரஜன் வடிவப் பிசின் குழல் ஒன்றையும் மாட்ட வேண்டும். சும்மா நீர்த்துப்போகச் செய்தால் என்ன என்று கேட்பார்கள். குளோரைடு, சல்ஃபேட்டுக்கு அது சரி. நைட்ரைட்டும் சேர்ந்து நீர்த்துவிடுமே.

நேர்மின் அயனிகளில் இதே கதை சோடியத்துக்கும் அம்மோனியத்துக்கும் இடையே நடக்கும். லித்தியம், சோடியம், அம்மோனியம், பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம் என்பது வழக்கமான வரிசை. மீத்தேன்சல்ஃபோனிக் அமிலம் பொதுவான எலுவென்ட். சோடியம் அதிகமென்றால் அம்மோனியம் அதன் வாலில் ஏறி உட்காரும். அங்கே பேஸ்லைனை எப்படி வரைகிறீர்கள் என்பதில் எண் தாராளமாக மாறும். ஸ்டாண்டர்டுக்கு ஒரு விதமாகவும் மாதிரிக்கு வேறு விதமாகவும் கோடு இழுக்கக் கூடாது. கையால் திருத்தினால், திருத்துவதற்கு முந்தைய படத்தையும் சேமித்து, காரணத்தை ஒரு வரி எழுதி வையுங்கள்.

கேலிப்ரேஷனில், அதாவது ஸ்டாண்டர்டுகளை ஓட்டிச் செறிவுக்கும் பீக்குக்கும் கோடு வரைவதில், ஒரு மயக்கம் பரவலாக இருக்கிறது. புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் ஆர்-ஸ்கொயர் 0.999 வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுகிறார்கள். 0.1-இலிருந்து 50 மி.கி./லி. வரை புள்ளிகள் வைத்தால் மேலே உள்ள பெரிய புள்ளிகளே கோட்டின் போக்கைத் தீர்மானிக்கும். கீழே 0.1 மில்லிகிராம் ஸ்டாண்டர்டைத் திரும்பக் கோட்டில் வைத்துக் கணக்கிட்டால் 0.3 என்றும் வரும், மைனஸிலும் வரும். ஆர்-ஸ்கொயர் அதைக் காட்டாது. ஒவ்வொரு ஸ்டாண்டர்டையும் மாதிரி போலக் கருதித் திரும்பக் கணக்கிட்டுப் பாருங்கள். கீழ்நிலைப் புள்ளிகள் 10 சதவீதத்துக்கு மேல் விலகினால் வரம்பைச் சுருக்குங்கள், அல்லது கோடு பொருத்தும்போது ஒவ்வொரு புள்ளிக்கும் செறிவின் தலைகீழ் (1/செறிவு) எடையைக் கொடுங்கள். கார்பனேட்டு எலுவென்ட்டில் கோடு இயல்பாகவே கொஞ்சம் வளையும், ஏனென்றால் பீக் வரும்போது அதன் அமிலம் பின்னணிக் கார்பானிக் அமிலத்தின் பிரிகையை அடக்குகிறது. சப்ரஸர் வைத்து அளக்கும் அம்மோனியமும் வளையும். சப்ரஸரில் அது அம்மோனியாவாக, அதாவது வலுவற்ற காரமாக மாறுவதால் செறிவு கூடக்கூட அயனியாகும் பங்கு குறைகிறது. இந்த இரண்டுக்கும் இருபடிச் சமன்பாடு போடுவதில் தவறே இல்லை. நேர்கோடுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் எண்தான் கோணும்.

கேலிப்ரேஷன் ஸ்டாண்டர்டோடு தொடர்பில்லாத, வேறு மூலத்திலிருந்து வந்த ஒரு சோதனைக் கரைசலும் கட்டாயம் வேண்டும். தாய்க்கரைசலே பிசகென்றால் அதிலிருந்து நீர்த்த எல்லாமே ஒரே மாதிரி பிசகி, கோடு மட்டும் அழகாக இருக்கும். பத்து மாதிரிக்கு ஒருமுறை ஒரு சோதனை ஸ்டாண்டர்டும் ஒரு பிளாங்க்கும் ஓட்டுங்கள். கண்டறியும் எல்லையை, அதாவது ‘இருக்கிறது’ என்று நம்பிச் சொல்லக்கூடிய மிகக் குறைந்த செறிவை, கருவியின் விளம்பரத் தாளிலிருந்து எடுக்காதீர்கள். குறைந்த செறிவு ஸ்டாண்டர்டை 7 முறை முழு நடைமுறையோடும் செய்து, திட்ட விலக்கத்தை 3.143-ஆல் பெருக்குவது அமெரிக்க முகமையின் வழி. பிந்தைய திருத்தத்தில் பிளாங்க் அளவுகளையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறார்கள், அது நியாயமானது. குளோரைடு, சோடியம் இரண்டுக்கும் உண்மையான எல்லையை நிர்ணயிப்பது கருவியை விடப் பிளாங்க்தான்.

அலகுக் குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நைட்ரேட்டை நைட்ரேட்டாகவே எழுதலாம், நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனாகவும் எழுதலாம். இரண்டுக்கும் 4.43 மடங்கு வித்தியாசம். உலகச் சுகாதார நிறுவனத்தின் 50 மி.கி./லி. என்பது நைட்ரேட்டாக, அமெரிக்காவின் 10 மி.கி./லி. என்பது நைட்ரஜனாக. எண்ணை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஐந்து மடங்கு வேறுபாடு போலத் தெரியும். உண்மையில் 10-ஐ 4.43-ஆல் பெருக்கினால் 44, ஆக இரண்டும் அருகருகேதான் இருக்கின்றன. பாஸ்பேட்டுக்கு இந்த மடங்கு 3.07. ஸ்டாண்டர்ட் பாட்டிலின் மேல் எந்த அலகு என்று படித்துவிட்டுத்தான் நீர்த்தலைத் தொடங்க வேண்டும்.

அயனிச் சமநிலைதான் நான் அதிகம் நம்பும் சோதனை. நீர் மின்நடுநிலையில் இருக்கிறது, அதனால் நேர்மின் அயனிகளின் மில்லிசமான எடைகளும் (அயனி எடையை மின்சுமையால் வகுத்து, வரும் எண்ணால் மி.கி./லி. அளவை வகுத்தது) எதிர்மின் அயனிகளுடையவையும் கூட்டினால் சமமாக வர வேண்டும். ஒரு நிலத்தடி நீரை எடுத்துக்கொள்வோம். சோடியம் 92 மி.கி./லி., அதை 22.99-ஆல் வகுத்தால் 4.00. பொட்டாசியம் 3.9, அது 0.10. கால்சியம் 60, அதை 20.04-ஆல் வகுத்தால் 2.99. மக்னீசியம் 24.3, அதை 12.15-ஆல் வகுத்தால் 2.00. மொத்தம் 9.09. எதிர்ப்பக்கம் குளோரைடு 142, அது 4.01. சல்ஃபேட்டு 48, அது 1.00. நைட்ரேட்டு 31, அது 0.50. மொத்தம் 5.51. பெரிய இடைவெளி! கருவி கெட்டுவிட்டதா? இல்லை. கார்பனேட்டு எலுவென்ட் ஓடும் ஐ.சி.க்குப் பைகார்பனேட்டு தெரியாது. அமிலத் தரம்பார்த்தலில் (அமிலத்தைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளப்பதில்) பைகார்பனேட்டு 220 மி.கி./லி. கிடைத்தால் அது 3.61. இப்போது மொத்தம் 9.12. இரண்டு பக்கமும் பொருந்திவிட்டன. வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து வரும் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தால் நிலத்தடி நீருக்குப் பொதுவாக ஏற்றுக்கொள்ளலாம். நேர்மின் கூட்டுத்தொகையை 100-ஆல் பெருக்கினால் கடத்துதிறன் தோராயமாகக் கிடைக்கும் என்பதும் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு. இங்கே சுமார் 900 மைக்ரோசீமன்ஸ். களத்தில் மீட்டர் 1,800 காட்டியிருந்தால் எங்கோ நீர்த்தல் மடங்கு விட்டுப்போயிருக்கிறது.

ஆனால் சமநிலை எல்லாவற்றையும் பிடிக்காது. மேலே உள்ள நைட்ரேட்டு 31-க்குப் பதிலாக, நைட்ரஜன் அலகில் வந்த 7-ஐ நைட்ரேட்டாக எடுத்துக்கொண்டால் 0.50 என்பது 0.11 ஆகிறது. பிழை 2 சதவீதம்தான் வரும். சோதனையில் தேறிவிடும்! பெரிய அயனிகளின் பிழையைத்தான் சமநிலை காட்டும். நைட்ரேட்டு, ஃபுளோரைடு, பாஸ்பேட்டு, அம்மோனியம் போன்ற சிறியவற்றுக்கு ஸ்டாண்டர்டைச் சேர்த்துப் பார்ப்பதும் பிளாங்க்கும்தான் துணை.

மழைநீரில் கணக்கு மைக்ரோசமான எடைக்கு இறங்கிவிடும், பிஹெச்சும் சமநிலையில் உறுப்பினராகிவிடும். பிஹெச் 4.6 என்றால் ஹைட்ரஜன் அயனி மட்டும் லிட்டருக்கு 25 மைக்ரோசமான எடை, மொத்தக் கூட்டுத்தொகையில் அது பெரும் பங்காக இருக்கக்கூடும். பிஹெச்சைப் பிசகாக அளந்தால் சமநிலை உடைந்துவிடும். எதிர்ப்பக்கம் தொடர்ந்து குறைந்து வந்தால் ஃபார்மேட்டும் அசிட்டேட்டும் அளக்கப்படவில்லை என்று சந்தேகப்படலாம். கடலோர மழையில் சோடியத்தை வைத்துக் கடலுப்பின் பங்கைக் கழிக்க வேண்டும். கடல்நீரில் சல்ஃபேட்டு எடையளவில் சோடியத்தின் சுமார் கால் பங்கு. அதைக் கழித்த பிறகு மிஞ்சும் சல்ஃபேட்டுதான் எரிபொருள் புகை போன்ற மற்ற மூலங்களிலிருந்து வந்தது என்று பேச முடியும்.

காற்றுத்தூசி வடிதாளைப் பற்றிச் சுருக்கமாக. டெஃப்லான் தாள் நீரில் நனையாது, ஒரு சொட்டு எத்தனாலால் நனைத்துவிட்டு நீரில் போடுங்கள். அல்ட்ராசோனிக் தொட்டி சூடேறாமல் பனிக்கட்டி போடுங்கள், நேரத்தையும் நீட்டாதீர்கள். காற்று கரைந்த நீரில் நீண்ட நேரம் அல்ட்ராசவுண்ட் கொடுத்தால் அதுவே சிறிதளவு நைட்ரைட்டையும் நைட்ரேட்டையும் உண்டாக்கும். அம்மோனியம் நைட்ரேட்டு வெப்பமான நாளில் தாளிலிருந்தே ஆவியாகிப் போகும், அதனால் எடுத்த தாளை உடனே குளிரில் வையுங்கள். பயன்படுத்தாத தாளையும் களத்துக்குக் கொண்டுபோய்வந்து கூடவே ஓட்டுங்கள்.

கண்டறியும் எல்லைக்குக் கீழே வந்ததை 0 என்று எழுதாதீர்கள், எல்லையைக் குறிப்பிட்டு ‘அதற்குக் கீழ்’ என்று எழுதுங்கள். சமநிலை போட்டு முடிக்கும்வரை மீதி மாதிரியைக் கொட்ட வேண்டாம். மூடி இறுக்கிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். நைட்ரைட்டுக்கு இனி அது உதவாது. குளோரைடோ சல்ஃபேட்டோ பொருந்தவில்லை என்று தெரிந்தால் அடுத்த சில வாரம்வரை அதையே எடுத்து, புதிதாக நீர்த்து ஓட்டிப் பார்க்கலாம். கிணற்றுக்கு மறுபடி போனால் கிடைப்பது வேறொரு நாளின் நீர்.